பஞ்சம் பிழைக்க வந்தவர்களைப் படமெடுப்பது: வட சென்னையில் தொடங்குபவர்களுக்கு

பழைய வண்ணாரப்பேட்டைப் பெரியவர்களிடம் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டால், இன்றைக்கும் சிலர் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியா?" என்று திருப்பிக் கேட்பார்கள். 1782 பஞ்சத்தில் ஊரைவிட்டு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம் அங்கேதான் இருந்தது. பஞ்சம் போய்விட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது. "பஞ்சம் பொழைக்க வந்தோம்" என்று சொல்லிக்கொண்டு வருகிற குடும்பங்களும் நிற்கவில்லை. முன்பு செங்கல்பட்டு, ஆற்காட்டுப் பக்கம். இப்போது ராமநாதபுரம், திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, ஆந்திரா, ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா.

இவர்களைப் படமெடுக்க வேண்டும் என்று வருஷத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் வருகிறார்கள். விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்கள் பாதி, வார இறுதியில் கேமரா தூக்கும் ஐடிக்காரர்கள் பாதி. எல்லாருக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவேன். வறட்சியை இங்கே படமெடுக்க முடியாது. வெடித்த வயல் ஊரிலேயே கிடக்கிறது. சென்னைக்கு வந்து சேர்வது அதன் கணக்கு மட்டும்தான்: முன்பணம், வட்டி, கூலி நோட்டு, ஒரு டிரங்குப்பெட்டி. அதைப் பார்க்கப் பழகாதவர்கள் அழுக்குச் சட்டைக் குழந்தையின் கண்ணை நெருக்கமாக எடுத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். அந்தப் படம் ஏற்கெனவே லட்சம் இருக்கிறது.

ஒரே இடம்

செங்குன்றம் தாண்டிச் செங்கல் சூளைகள். அரசுக் கணக்கில் அது திருவள்ளூர் மாவட்டம், வேலைக்கு வருகிறவர்களுக்கு எல்லாமே மெட்ராஸ்தான். செங்குன்றத்திலேயே அரிசி ஆலைகள். மாதவரம், மணலிப் பக்கம் கட்டட வேலைக் கொட்டகைகள். காசிமேட்டில் போட்டில் ஏறுகிற ஆந்திரத் தொழிலாளிகள். பேசின் பிரிட்ஜ், மின்ட் பக்கத்து நடைபாதைகளில் இரண்டு மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பங்கள்.

இதில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றே ஒன்று. உங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ்ஸில், மிஞ்சினால் இரண்டு பஸ்ஸில் போகக்கூடியதாக இருக்கட்டும். பத்து தடவையாவது போக வேண்டியிருக்கும், ஊபரில் போய்க் கட்டுப்படியாகாது. ஐந்து இடங்களை ஒரு மாதத்தில் சுற்றி வந்தால் ஐந்து இடத்திலும் நீங்கள் வெளியாள். ஒரே கொட்டகைக்கு ஆறாவது தடவை போகும்போதுதான் "இன்னா, போன வாரம் காணும்?" என்று யாராவது கேட்பார்கள். உங்கள் வேலை அன்றைக்குத்தான் தொடங்குகிறது.

சூளையின் காலண்டர்

கட்டடக் கொட்டகைக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம். சூளை அப்படியில்லை. மேற்கு ஒடிசாவில் விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் நுவாகாய் என்று ஒரு பண்டிகை, புது நெல்லைப் படைத்துச் சாப்பிடுகிற நாள். அதை ஒட்டித்தான் தரகர்கள் ஊருக்குள் வந்து முன்பணம் கொடுப்பார்கள். மழை பொய்த்து நெல் கருகிப்போன வருஷத்தில் அந்தப் பணத்தை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? பண்டிகைச் செலவு, வைத்தியம், பெண்ணின் கல்யாணம் என்று அது அங்கேயே கரைந்துவிடும். அப்புறம் தீபாவளி கழிந்து மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். பொகாரோ எக்ஸ்பிரஸ் என்று எல்லாரும் சொல்லும் தன்பாத்–ஆலப்புழா வண்டி பலாங்கீர், திட்லாகட் வழியாக வருவது. அதன் முன்பதிவில்லாப் பெட்டியிலிருந்து இறங்குகிறவர்களைப் பார்த்திருந்தால் மூட்டையின் அளவு தெரிந்திருக்கும். பாத்திரம், அரிசி, போர்வை, குழந்தை.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் செங்கல் அறுக்கத் தொடங்குவார்கள். ஜூன் வாக்கில் சூளை மூடும். கணவன், மனைவி, கூட ஒரு ஆள் என்று சேர்த்து ஒரு பதுரியா என்பார்கள். கூலி ஆளுக்கு இல்லை, ஆயிரம் கல்லுக்கு. சின்னப் பிள்ளைகளும் கூடவே வந்துவிடும். வாரத்துக்கு ஒரு நாள் சாப்பாட்டுச் செலவுக்கு மட்டும் கொஞ்சம் காசு, அதற்குப் பெயர் கோராக்கி. மிச்சம் முன்பணத்தில் கழியும், அல்லது கழியும் என்று சொல்வார்கள்.

இது தெரியாமல் ஆகஸ்டில் சூளைக்குப் போய் "ஆளே இல்லை சார்" என்று எனக்கு போன் செய்தவர்கள் உண்டு.

கேமரா இல்லாமல் மூன்று நாள்

முதல் மூன்று நாள் கேமராவை வீட்டில் வையுங்கள். மொபைல் பாக்கெட்டிலேயே இருக்கட்டும். அந்த இடத்தின் டீக்கடையில் உட்காருங்கள். யார் மேஸ்திரி, யார் கணக்குப்பிள்ளை, எந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகிறது, தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்பதெல்லாம் டீக்கடையில் தெரிந்துவிடும். தமிழ்க் குடும்பங்கள் என்றால் பேச்சு தானாக வரும். "எந்த ஊருக்கா?" என்ற ஒரு கேள்வி போதும், அரை மணி நேரம் ஓடும். 2019 கோடையில் புழல் ஏரி தரைதட்டிக் கிடந்தபோது தண்ணீர் லாரி வரிசையில் என் முன்னால் நின்ற திருவண்ணாமலைக்காரச் சித்தாள் அக்கா ஒருவர், "ஊர்ல தண்ணி இல்லேன்னு இங்க வந்தோம், இங்க நீங்களும் எங்க மாதிரி ஆயிட்டீங்களே" என்று சிரித்தார். அவர் குடும்பத்தைத்தான் அடுத்த எட்டு மாதம் எடுத்தேன்.

ஒடிசாக் குடும்பங்களிடம் இந்தியில் ஆரம்பிக்காதீர்கள். பலர் வீட்டில் பேசுவது சம்பல்புரி. கையைக் கூப்பி "ஜுஹார்" என்று சொல்லுங்கள், அங்கத்திய வணக்கம். நான் முதலில் சொன்னபோது அச்சில் மண் அடித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி கை நின்று, தலையைத் தூக்கிப் பார்த்து, பக்கத்துக் குடிசைக்கு ஏதோ கத்தினார். நாலு பேர் வந்து நின்று "இன்னொரு தடவை சொல்லு" என்று கேட்டார்கள். என் உச்சரிப்புக்கு வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரிக்க வைத்தவனை யாரும் சந்தேகப்படுவதில்லை.

அனுமதி யாரிடம்

இதுதான் சிக்கலான இடம், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

முதலாளியிடம் அனுமதி வாங்கி, அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு உள்ளே போனால், நீங்கள் முதலாளியின் ஆள். கேட்கிறதற்கெல்லாம் "நல்லா இருக்கோம் சார்" என்றுதான் பதில் வரும். அனுமதி இல்லாமல் பின்பக்கமாக நுழைந்தால் உங்களைத் துரத்தி விடுவார்கள், அதோடு உங்களுக்கு முடிந்தது. உங்களோடு பேசிய குடும்பத்துக்கு முடியாது. அவர்கள் ஜூன்வரை அங்கே இருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த வழி, வேலை நடக்கிற இடத்துக்கு வெளியே அறிமுகமாவது. கோராக்கி வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு கடைக்கு வருகிற நாள் ஒன்று உண்டு. உப்புக் கருவாடு, தக்காளி, பாட்டரி என்று வாங்குவார்கள். அந்த நாளைப் பிடியுங்கள். அல்லது அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவர்களைப் பிடியுங்கள். திருவள்ளூர் மாவட்டச் சூளைகளில் ஒடியாவிலேயே பாடம் நடத்திய பள்ளிகள் இருந்திருக்கின்றன. அங்கன்வாடி அக்கா, தொழிற்சங்கக்காரர், கிராம நர்ஸ் யாராவது ஒருவர் கூட வந்தால், குடும்பம் உங்களை அவர் மூலமாக எடைபோடும். மேஸ்திரியை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்ளவே கூடாது. அவர் காதுக்கு எட்டுகிற தூரத்தில் கிடைக்கிற சம்மதம் சம்மதமே இல்லை.

குடும்பத்திடம் கேட்க வேண்டியவை மூன்று, மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். எடுக்கலாமா? நான் வைத்துக்கொள்ளலாமா? வெளியே நாலு பேருக்குக் காட்டலாமா? முதல் இரண்டுக்கும் சரி சொல்லிவிட்டு மூன்றாவதுக்குத் தலையாட்டி மறுக்கிறவர்கள் நிறைய. மறுத்தால் மறுத்ததுதான், கெஞ்சக் கூடாது. சம்மதத்தை அவர்கள் பேச்சிலேயே மொபைலில் பதிவு செய்துகொள்ளுங்கள். பெருவிரல் ரேகை வாங்கும் படிவம் எல்லாம் வேண்டாம். கைநாட்டு வாங்கி வாங்கித்தான் அவர்களை இந்த நிலைக்குக் கொண்டுவந்தார்கள், தாளை நீட்டினாலே பயப்படுவார்கள். உங்கள் போன் நம்பரைப் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதிக் கொடுங்கள். நாளைக்கு மனசு மாறினால் யாரைக் கூப்பிடுவது என்று தெரிய வேண்டும்.

கருவி

பெரிதாக ஒன்றும் வேண்டாம். 28 அல்லது 35 மிமீ லென்ஸ் ஒன்று, உங்களிடம் இருக்கிற ஏதோ ஒரு கேமரா பாடி. அதுவும் இல்லை என்றால் நல்ல மொபைல். நீளமான ஜூம் லென்ஸை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், தூரத்திலிருந்து எடுக்கிறவனைப் பார்த்தால் ஒற்று பார்க்க வந்தவன் என்றுதான் நினைப்பார்கள். சூளையில் சாம்பலும் மணலும் பறக்கும், அங்கே லென்ஸ் மாற்றினால் சென்சார் நாசம். ஒரு பழைய பல் விளக்கும் பிரஷ், துவைத்த பனியன் துணி, நாலு பிளாஸ்டிக் கவர் போதும். ஒரு பெரிய பவர் பேங்க் எடுத்துப் போங்கள், உங்களுக்கில்லை, அவர்கள் போனுக்கு.

வெளிச்சம், உயரம்

வெயிலுக்குப் பயந்து நள்ளிரவு தாண்டியே கல் அறுக்க உட்கார்ந்துவிடுவார்கள். நீங்கள் பத்து மணிக்குத் தோசை சாப்பிட்டுவிட்டுப் போனால் அவர்கள் அரை நாள் வேலையை முடித்திருப்பார்கள். விடிகாலை நாலரைக்கு அங்கே இருங்கள். ஒற்றை பல்பு, அதைச் சுற்றிப் பூச்சி, பல்புக்குக் கீழே இரண்டு கைகள். ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/60, லென்ஸை முழுக்கத் திறந்துவிடுங்கள். வேலை செய்கிற அவர்கள் கை கொஞ்சம் அசைந்து கலங்கினாலும் பரவாயில்லை, முகமும் சுடாத கல் வரிசையும் கூர்மையாக இருந்தால் போதும். ஃபிளாஷ் போட்டால் எல்லாம் போச்சு. சூரியன் எழும் முன் அரை மணி நேரம் நீல வெளிச்சம் வரும், அப்போது தரையெல்லாம் ஈரக் கற்கள். அதுதான் அந்த இடத்தின் நல்ல நேரம்.

பகலில் தவறு செய்வது சுலபம். கருத்த முகம், பின்னால் வெள்ளை வானம். கேமரா வானத்தைப் பார்த்து அளந்துவிடும், முகம் கரியாகிப் போகும். முகத்தில் அளவு வையுங்கள், இல்லையென்றால் வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் (இரு மடங்கு) கூட்டுங்கள், வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். நான் முதன்முதலில் பிரிண்ட் போட்டு எடுத்துப்போன படத்தைப் பார்த்து ஒரு பெரியம்மா, "என்னப்பா, என்னை அடுப்புல போட்டு எடுத்தியா?" என்றார். எந்த வகுப்பிலும் அதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு எக்ஸ்போஷர் சொல்லித் தரவில்லை.

உச்சி வெயிலில் குடிசைக்குள் போய்விடுங்கள். சுடாத கல்லை அடுக்கிய சுவர், மேலே தகரம், நிமிர்ந்து நிற்க முடியாது. வாசல்தான் உங்கள் ஜன்னல், அந்த ஒரு பக்க வெளிச்சம் போதும். தரையில் உட்காருங்கள். நின்றுகொண்டு குனிந்து எடுத்தால் எல்லாரும் கீழே கிடக்கிறவர்களாகத் தெரிவார்கள். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தின்போது ஹூப்பர் என்ற பிரிட்டிஷ் பட்டாள அதிகாரி சென்னை மாகாணத்தில் எலும்பும் தோலுமான மனிதர்களைக் கூட்டமாக உட்காரவைத்துப் படமெடுத்தார். படம் எடுத்தாரே தவிர உதவவில்லை என்று அந்தக் காலத்திலேயே திட்டு வாங்கினார். அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள். பார்த்துவிட்டு உங்கள் மெமரி கார்டையும் பாருங்கள். கேமரா எந்த உயரத்தில் இருந்தது என்பதை மட்டும் கவனியுங்கள்.

முதல் படம் அவர்களுடையது

அனுமதி கிடைத்ததும் நீங்கள் நினைத்த படத்தை எடுக்கப் போகாதீர்கள். "உங்களுக்கு எப்படி வேணும், அப்படி எடுத்துத் தரேன்" என்று கேளுங்கள். உடனே குடிசைக்குள் ஓடுவார்கள். டிரங்குப்பெட்டி திறக்கும் சத்தம் கேட்கும். பத்து நிமிஷம் கழித்துக் குடும்பம் மொத்தமும் வெளியே வரும்: மடிப்புக் கலையாத சேலை, எண்ணெய் வைத்து வாரிய தலை, கழுத்துவரை பட்டன் போட்ட பையன். விறைப்பாக, கையைத் தொங்கப்போட்டு, சிரிக்காமல் நிற்பார்கள். அப்படியே எடுங்கள். "இயல்பா இருங்க" என்று சொல்லாதீர்கள். அதுதான் அவர்கள் ஊருக்கு அனுப்ப விரும்புகிற முகம்.

அடுத்த வாரமே பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். நாலுக்கு ஆறு அளவில் இரண்டு பிரதி, லேமினேட் செய்து. வாட்ஸாப்பில் அனுப்பினால் போன் மாறும்போது போய்விடும். பிரிண்ட் கொடுத்த பிறகு நீங்கள் எடுக்கிற படங்களின் தரமே மாறிவிடும், இதை என் அனுபவத்தில் அடித்துச் சொல்வேன்.

நோட்டுப் புத்தகம்

இனி சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

வறட்சியால் இடம்பெயர்ந்தவர்களின் படம் என்றதும் உலகம் முழுக்க நினைவுக்கு வருவது ஒரே படம். 1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்க வந்தவர்களின் முகாமில், அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரதியா லாங் எடுத்தது. கன்னத்தில் கை வைத்த தாய், இரண்டு பக்கமும் முகத்தை மறைத்துக்கொண்ட பிள்ளைகள், மடியில் கைக்குழந்தை. அமெரிக்க அரசின் மறுகுடியமர்த்தல் துறைக்காக லாங் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த நேரம். பத்து நிமிஷம் இருந்திருப்பார். வழக்கமாக விரிவாகக் குறிப்பெடுக்கிற அவர், அன்றைக்கு அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை.

படம் வெளியானதும் முகாமுக்கு அரசு உணவு அனுப்பியது. அதற்குள் அந்தக் குடும்பம் அங்கிருந்து போய்விட்டிருந்தது. நாற்பது வருஷத்துக்கும் மேல் கழித்து, 1978இல்தான் அந்தத் தாய் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்று ஊருக்குத் தெரிந்தது. செரோக்கிப் பழங்குடியைச் சேர்ந்தவர். வறட்சிப் புழுதி அவர் சொந்த மாநிலமான ஓக்லஹோமாவை மூடுவதற்குச் சில வருஷம் முன்பே, 1920களிலேயே கலிஃபோர்னியா வந்துவிட்டவர். டயரை விற்றுச் சோறு தின்றார்கள் என்று லாங் பின்னாளில் எழுதியதை அவர் குடும்பம் மறுத்தது. வண்டி ஓடிக்கொண்டிருக்க டயரை எப்படி விற்பது? படத்தால் தனக்குச் சல்லிக்காசு வரவில்லை என்ற கசப்பு தாம்ப்சனுக்கு இருந்தது. இதற்கு நடுவில் ஒரு சின்ன விஷயம்: படத்தின் கீழ் மூலையில் கூடாரக் கம்பத்தைப் பிடித்திருந்த ஒரு கட்டைவிரல் தெரிந்தது, அது கண்ணை உறுத்துகிறது என்று லாங் பின்னால் அதை அழிக்க வைத்தார்.

லாங்கைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் கால்தூசிக்கு நான் வரமாட்டேன். அதே லாங்தான், பொருளாதாரப் பேராசிரியரான தன் கணவர் பால் டெய்லரோடு போகும்போது, அவர் பேச்சுக் கொடுக்க, இவர் எடுக்க, மக்கள் சொன்ன சொல்லை மாற்றாமல் எழுதி வைத்தவர். அதைப் பின்பற்றுங்கள். இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் கையில் கேமரா, இன்னொருவர் கையில் நோட்டு. தனியாகப் போனால் வெளியே வந்ததும் பஸ் ஸ்டாப்பிலேயே உட்கார்ந்து எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் பாதி உங்கள் சொல்லாகிவிடும்.

எதை எழுதுவது? பெயர், அவர்கள் சொல்கிறபடி. ஊர், ஒன்றியம். என்றைக்குக் கிளம்பினார்கள், எந்த வண்டி. முன்பணம் எவ்வளவு, எதற்குச் செலவானது. எந்த வருஷத்து மழை பொய்த்தது? இதை விடாதீர்கள். 2016 வடகிழக்குப் பருவமழை ஏமாற்றி, 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சிப் பகுதி என்று அரசு அறிவித்தது. உங்கள் முன்னால் இருக்கும் குடும்பம் அப்போது வந்ததா, அல்லது அதற்கு ஐந்து வருஷம் முன்பே ஆஸ்பத்திரிக் கடனால் வந்ததா? "வறட்சியால் இடம்பெயர்ந்த குடும்பம்" என்று நீங்களாகவே கேப்ஷன் போட்டுவிட்டால் தாம்ப்சன் கதைதான்.

நான் பார்த்த கேப்ஷன் ஒன்று: "வறுமையின் பிடியில் ஒரு தாய்." இதில் யார், எங்கே, எப்போது எதுவும் இல்லை. அதே படத்துக்கு இப்படி எழுதலாம்: "கல் அறுக்கும் பெண், வயது சுமார் 30, பலாங்கீர் மாவட்டம். கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் நவம்பரில் வந்தார். மாமனாரின் வைத்தியத்துக்கு முன்பணம் வாங்கினார்கள். படத்தில் அவர் எண்ணிக்கொண்டிருப்பது முந்தின இரவு அறுத்த கல்." சுவாரசியம் கம்மி என்று தோன்றும். பத்து வருஷம் கழித்துப் படித்துப் பாருங்கள், எது நிற்கிறது என்று.

நோட்டு என்றதும் ஒரு காலை நினைவுக்கு வருகிறது. ஒரு பெண் முகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சரி என்று நான் கேமராவை மூடினேன். அவர் எழுந்துபோய் டிரங்குப்பெட்டியிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். அட்டையில் நடிகர் படம், முனையெல்லாம் மண் விரல் ரேகை. உள்ளே வாரவாரியாகக் கல் எண்ணிக்கை, கோராக்கித் தொகை. அவர் கணக்கு நீலப் பேனா, ஐந்தாவது படிக்கும் மகள் எழுதியது. பக்கத்தில் மேஸ்திரியின் கணக்கு, சிவப்புப் பேனா. இரண்டும் எந்த வாரமும் ஒத்துப்போகவில்லை. "மூஞ்சி எதுக்கு? இத எடு" என்றார், அரைகுறைத் தமிழில். என் வேலையிலேயே அதுதான் சரியான வறட்சிப் படம். அதில் மனிதரே இல்லை.

அதனால் பொருள்களை எடுக்கப் பழகுங்கள். பெட்டி, நோட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த விதைநெல் முடிச்சு, செருப்பு வரிசை, போனில் இருக்கும் வீட்டின் படம். ஒவ்வொன்றையும் பற்றி அதன் சொந்தக்காரரிடம் கேளுங்கள்.

ஆபத்தான சின்ன விஷயங்கள்

என் முதல் பருவத்தில் ஒரு தப்பு செய்தேன். ஒரு குடும்பத்தின் முகம் தெரியாமல், கையும் கல்லும் மட்டும் எடுத்து இணையத்தில் போட்டேன். புத்திசாலித்தனம் என்று நினைப்பு. செங்கல்லின் முகத்தில் ஒவ்வொரு சூளைக்கும் ஒரு முத்திரை எழுத்து இருக்கும், அச்சிலேயே பதிந்து வரும். அது பளிச்சென்று படத்தில் இருந்தது. நாலே நாளில் மேஸ்திரிக்குத் தெரிந்தது. அந்தக் குடும்பத்துக்கு ஒரு வாரம் கோராக்கி நின்றது. நான் அரிசி வாங்கிக்கொண்டு போனபோது அந்த மனிதர் வாங்கிக்கொண்டார், ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆகவே முத்திரை எழுத்து, லாரி நம்பர், பெயர்ப் பலகை, பின்னால் தெரியும் கோயில் கோபுரம், செல்போன் டவர் எல்லாவற்றையும் வெளியிடுவதற்கு முன் ஒரு தடவை துழாவிப் பாருங்கள். கேமராவிலும் மொபைலிலும் இடம் பதிவாகும் வசதியை அணைத்துவிடுங்கள். வாட்ஸாப்பில் படத்தை டாகுமென்ட்டாக அனுப்பினால் அந்த இடக் குறிப்பும் கூடவே போகும். அவர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு வெளியிடுவது இன்னும் நல்லது. ஆறு மாதம் பொறுக்க முடியாத படம் எதுவும் இல்லை.

குழந்தைகள் விஷயத்தில் சட்டமும் கண்டிப்பானது. பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம் தடுக்கிறது. குழந்தை கல் சுமப்பதைப் பார்த்தால் கேமராவைத் தூக்கும் முன் குழந்தைகள் உதவி எண் 1098 நினைவுக்கு வரட்டும். கொத்தடிமை நிலை என்று தோன்றினால், அதாவது போக விடாமல் வைத்திருக்கிறார்கள், கடனைக் காட்டிக் கூலியைப் பிடிக்கிறார்கள் என்றால், 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. மாவட்ட ஆட்சியரிடமோ வருவாய்க் கோட்டாட்சியரிடமோ (ஆர்.டி.ஓ.) போக வேண்டிய விஷயம் அது. சட்டம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்களே மீட்கப் போகிறேன் என்று கிளம்பாதீர்கள், மீட்புக்கு முன் படத்தையும் வெளியே விடாதீர்கள்.

துறைமுகம், எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையங்கள், ரயில் நிலையம்: முன் அனுமதி இல்லாமல் கேமராவை எடுக்காதீர்கள், அரை நாள் வீணாகும்.

காசு

கேட்பார்கள். படத்துக்குக் காசு கொடுப்பதில்லை என்பது என் வழக்கம். அடுத்த குடிசை "எங்களை ஏன் எடுக்கலை" என்று வரிசையில் நிற்கும். ஆனால் வெறுங்கையோடும் போவதில்லை. சாக்லேட் வேண்டாம், பிள்ளைகள் உங்களைப் பார்த்ததும் கை நீட்டப் பழகிவிடும். பிரிண்ட், போன் சார்ஜ், ரயில் டிக்கெட் போட்டுக் கொடுப்பது, காய்ச்சலில் கிடப்பவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது இவையெல்லாம் உங்கள் வேலையில் சேர்ந்ததுதான். 2020 அக்டோபரிலிருந்து வெளிமாநில ரேஷன் அட்டைக்கும் தமிழ்நாட்டில் பொருள் வாங்கலாம். பலருக்குத் தெரியாது. ஒரு குடும்பத்துக்கு அதை விசாரித்துச் சொன்னாலே நீங்கள் எடுத்த படத்துக்கு மேலான உபகாரம்.

படம் எங்கேயாவது விலைபோனால்? எழுதப்பட்ட விதி எதுவும் இல்லை. நான் பாதியை அனுப்பிவிடுவேன். இன்னொருவர் வேறு மாதிரி செய்வார். எதுவாக இருந்தாலும் முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

தேர்வும் பார்ப்பதும்

ஆயிரம் படம் எடுத்தால் இருபதுதான் தேறும். தேர்ந்தெடுக்கும்போது ஒரு தடவையாவது அந்தக் குடும்பத்தையே பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். நீங்கள் உயர்வாக நினைத்ததைத் தள்ளிவிட்டு, யோசிக்காமல் எடுத்த ஒன்றில் நின்றுவிடுவார்கள். மற்றவர்கள் வேலையையும் பாருங்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் தொடங்கிய பாரி (PARI) இணையதளத்தில் இடம்பெயரும் தொழிலாளிகள் பற்றிய கட்டுரைகள் தமிழிலும் கிடைக்கும். அதில் எம். பழனிக்குமாரின் படங்களைப் பாருங்கள். தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்துச் சொல்லித்தருகிறவர் அவர்.

ஜூனில்

சூளை மூடும் வாரம் கட்டாயம் போங்கள். கணக்கு முடிப்பார்கள். அன்றைக்கு கேமரா வேண்டாம், யாருக்கும் பிடிக்காது. மறுநாள் மூட்டை கட்டும்போது எடுங்கள். ஊர் முகவரியைப் பின்கோடோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், போன் நம்பரை நம்ப வேண்டாம், அடுத்த பருவத்தில் வேறாக இருக்கும். மிச்சப் பிரிண்ட்டுகளை மழைக்கு முன் ஸ்பீட் போஸ்ட்டில் போடுங்கள், உள்ளே பிளாஸ்டிக் கவர் சுற்றி.

அந்த நோட்டுக்காரப் பெண்ணின் வீட்டுக்கு அப்படித்தான் அனுப்பினேன். நுவாகாய் அன்று என் போனுக்கு ஒரு படம் வந்தது. மண்சுவர், காலண்டர், பக்கத்தில் நான் எடுத்த குடும்பப் படம் ஆணியில் தொங்குகிறது. கொஞ்சம் சாய்ந்த படம், ஒரு மூலையில் எடுத்தவரின் கட்டைவிரல். கணினியில் அந்தக் குடும்பத்தின் கோப்புறையில் கடைசிப் படமாக அதைச் சேர்த்திருக்கிறேன், வெட்டாமல். கேப்ஷன்: பலாங்கீர் மாவட்டம், நுவாகாய் நாள், படம் எடுத்தவர் ஐந்தாம் வகுப்பு மகள்.